பக்கல் ஃபிலிம் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கன்னத்தின் உட்புறச் சவ்வில் ஒட்டிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பக்கல் ஃபிலிமைச் செய்வது கேட்க எளிதாகத்தான் இருக்கும். பாலிமரைக் (ஃபிலிமின் உடலாகும் நீள்சங்கிலிப் பொருள்) கரைத்து, மருந்தும் பிளாஸ்டிசைசரும் (ஃபிலிமை வளைய வைக்கும் பொருள்) சேர்த்து, பெட்ரி டிஷ்ஷில் ஊற்றிக் காயவைத்து, உரித்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கையில் வருவதோ உடைகிறது, பிசுபிசுக்கிறது, வெள்ளை பூக்கிறது, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் வழுக்குகிறது. கோளாறு கண்ணில் படுவது உரித்த பிறகு. அது உண்டானது பெரும்பாலும் ஜெல் கலக்கும்போதோ ஓவனிலோ. அதனால் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போவோம்.

உதாரணத்துக்கு ரத்த அழுத்த மருந்தான ப்ரோப்ரனலால் ஹைட்ரோகுளோரைடை எடுத்துக்கொள்கிறேன். விழுங்கினால் கல்லீரலிலேயே பெரும்பகுதி சிதைந்து, சுமார் 25 சதவீதம்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். கன்னச் சவ்விலிருந்து போகும் ரத்தம் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குப் போவதால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம். மாதிரி மருந்தாகப் பலரும் இதை எடுப்பதற்குக் காரணம் இதுதான். அடிப்படைக் கலவை இப்படி இருக்கட்டும்: 9 செ.மீ. டிஷ், 20 மி.லி. ஜெல், அதில் 3 சதவீதம் ஹெச்.பி.எம்.சி. இ15 (செல்லுலோஸிலிருந்து செய்த பாலிமர்), அதாவது 600 மி.கி.; பிளாஸ்டிசைசராக ப்ரொப்பிலீன் கிளைக்கால் 120 மி.கி.; 2×2 செ.மீ. துண்டு ஒன்றுக்கு 10 மி.கி. மருந்து. காய்ந்தால் 0.1 மி.மீ.க்குச் சற்று மேலே தடிமன் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஃபிலிமில் இப்போது எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது? தண்ணீரும் ஒரு பிளாஸ்டிசைசர்தான். அது கூடினால் ஃபிலிம் தளரும், குறைந்தால் நொறுங்கும். காலையில் ஓவனிலிருந்து எடுத்த ஃபிலிமும், மதியம் வரை மேசையில் கிடந்த அதே ஃபிலிமும் வேறு வேறு முடிவு தரும். ஆகவே உரித்த கையோடு எதையும் அளக்காதீர்கள். மெக்னீசியம் நைட்ரேட்டின் நிறைவுற்ற கரைசல் வைத்த டெசிகேட்டரில், அதாவது காற்றுப்புகாத பெட்டியில், ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 53 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மெக்னீசியம் குளோரைடு வைத்தால் 33 சதவீதம், சாதாரண உப்பு வைத்தால் 75 சதவீதம். இந்த மூன்று பெட்டிகள் இருந்தாலே கீழே வரும் சோதனைகளில் பாதியைச் செய்துவிடலாம்.

மடித்தால் உடைகிறது

பிளாஸ்டிசைசரைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். உடையும் ஃபிலிமிலிருந்து ஒரு துண்டை 53 சதவீதப் பெட்டியில் ஒரு நாள் வைத்து மறுபடி மடித்துப் பாருங்கள். இப்போது வளைந்து கொடுத்தால் கலவையில் குறையில்லை, அதிகமாகக் காயவைத்துவிட்டீர்கள். ஓவன் நேரத்தைக் குறையுங்கள், சிலிக்கா ஜெல்லோடு சேர்த்து அடைத்து வைக்காதீர்கள். ஒரு நாள் கழித்தும் உடைந்தால்தான் கலவையைத் தொட வேண்டும்.

கலவையில் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். பிளாஸ்டிசைசர் சதவீதம் பாலிமரின் எடையை வைத்துப் போடுவது. ஜெல்லின் கனஅளவை வைத்து அல்ல. 600 மி.கி. பாலிமருக்கு 20 சதவீதம் என்றால் 120 மி.கி. வழக்கமாக 10 முதல் 30 சதவீதத்துக்குள் வேலை முடிந்துவிடும். 

கணக்கு சரியாக இருந்தும் உடைந்தால் போட்ட பிளாஸ்டிசைசர் ஃபிலிமில் இன்னும் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ப்ரொப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி என்றாலும், மெல்லிய அடுக்காகப் பரப்பி 50, 60 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் அதில் ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிவிடும். ஒரே ஜெல்லை இரண்டு டிஷ்களில் ஊற்றி, ஒன்றை 40 டிகிரியிலும் இன்னொன்றை 60 டிகிரியிலும் காயவைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அப்படிப் போகிறது என்றால் எளிதில் ஆவியாகாத பிளாஸ்டிசைசரான பி.இ.ஜி. 400-க்கு மாறுங்கள். கிளிசரினும் ஆவியாகாது, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்தத் தொல்லை அடுத்த பகுதியில்.

இ15 போன்ற குறைந்த பிசுக்குமை (கரைசலின் கெட்டித்தன்மை) வகைகளின் சங்கிலி குட்டை. பாலிமரில் ஒரு சிறு பகுதியை ஹெச்.பி.எம்.சி.யிலேயே நீளச் சங்கிலியுள்ள கே4எம் வகையாக மாற்றினால் மடிப்பு தாங்கும். மடிப்புச் சோதனையில் 300 முறை தாங்கினால் போதும் என்பது ஆய்வகங்களில் புழங்கும் எல்லை. ஆனால் கையால் மடிக்கும் சோதனை இது. ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும். எல்லா பேட்ச்சையும் ஒரே ஆள், ஒரே ஈரப்பதத்தில் மடித்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

பிசுபிசுப்பு போகவில்லை

மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் அதிகம் கேட்கும் புகார் இது. துண்டை நீரற்ற கால்சியம் குளோரைடு வைத்த டெசிகேட்டரில் இரண்டு நாள் வையுங்கள். பிசுபிசுப்பு போய்விட்டால் ஈரம்தான் காரணம். கலவையில் கிளிசரினோ பி.வி.பி. கே30 என்ற பாலிமரோ இருந்தால் இரண்டுமே ஈரத்தை இழுப்பவை, அவற்றைக் குறைக்க வேண்டும். வெட்டுவதையும் பாக்கெட்டில் அடைப்பதையும் ஏ.சி. அறையில் செய்யுங்கள். 

இரண்டு நாள் கழித்தும் ஒட்டினால் துண்டை பட்டர் பேப்பரில் வைத்து மேலே சிறு எடை வையுங்கள். மறுநாள் காகிதத்தில் எண்ணெய்த் தடம் போல வந்தால் பிளாஸ்டிசைசர் பாலிமருக்குள் தங்காமல் வெளியே கசிகிறது. அளவு அதிகம், அல்லது அந்த ஜோடி ஒத்துப்போகவில்லை.

டிஷ்ஷை விட்டு வரவில்லை

முழுதாகக் காயாத ஃபிலிம் இழுத்தால் நீளும்; மீண்டும் ஓவனுக்கு அனுப்புங்கள். எலும்பாய்க் காய்ந்தது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு சில்லுச் சில்லாக வரும். அதை 75 சதவீதப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் விளிம்பு தளரும், பிளேடின் முனையால் சுற்றிலும் விடுவித்துத் தூக்கலாம். கண்ணாடியில் கிளிசரின் தடவி ஊற்றும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தடவியதில் எவ்வளவு ஃபிலிமுக்குள் போனது என்று கணக்கே இருக்காது. டெஃப்லான் தட்டோ, சிலிகான் பூசிய பாலியெஸ்டர் தாளோ கிடைத்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

குமிழ்களும் கட்டிகளும்

கண்ணாடித் துண்டு போல உள்ளே உறைந்து நிற்கும் மீன்கண் கட்டிகள் ஹெச்.பி.எம்.சி.யைக் குளிர்ந்த நீரில் மொத்தமாகக் கொட்டியதால் வருபவை. வெளிப்புறம் நனைந்து ஜெல்லாகி, உள்ளே இருக்கும் தூளுக்குத் தண்ணீர் போகவிடாமல் தடுத்துவிடும். தேவையான தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை 80, 90 டிகிரிக்குச் சூடாக்கி அதில் தூளைத் தூவிக் கலக்குங்கள். சூட்டில் அது கரையாது, பிரிந்து மட்டும் நிற்கும். பிறகு மீதித் தண்ணீரை ஐஸ் குளிரில் ஊற்றினால் கட்டியில்லாமல் கரையும்.

சிறு காற்றுக் குமிழ்கள் என்றால் ஸ்டிரர் வேகம் அதிகம். ஜெல்லை மூடி இரவு முழுக்க அசையாமல் விட்டாலே பெரும்பாலும் ஏறிப் போய்விடும். அவசரம் என்றால் சோனிகேட்டர். ஊற்றும்போது குமிழ் இல்லாமல், காய்ந்த பிறகு மட்டும் குமிழும் சுருக்கமும் தெரிந்தால் கதை வேறு. ஓவனில் மேற்பரப்பு முதலில் காய்ந்து தோல் கட்டி, அடியிலிருந்து வரும் ஆவி அதற்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. வெப்பத்தைக் குறைத்து, டிஷ் மேல் ஒரு புனலைக் கவிழ்த்து வையுங்கள். ஆவி புனலின் குழாய் வழியாக மெல்ல வெளியேறும்.

காயும்போது வெள்ளைத் திட்டுகள் வந்தால் ஓவன் வெப்பத்தையும் பாருங்கள். இ வகை ஹெச்.பி.எம்.சி. 60 டிகிரியை ஒட்டித் தண்ணீரிலிருந்து பிரிந்து கலங்கி இறுகும் குணமுள்ளது. 40, 45 டிகிரியில் காயவைத்தால் இந்தத் திட்டு வராது.

கலக்கும்போதே தயிர் போலத் திரிகிறது

நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சந்தித்துவிட்டன. கைட்டோசான் என்ற பாலிமர் அமிலத்தில் நேர் சுமை கொண்டது. கார்போபால், சோடியம் சி.எம்.சி., சோடியம் ஆல்ஜினேட் என்ற பாலிமர்கள் எல்லாம் எதிர் சுமை. இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் சிக்கலாகப் பின்னிக்கொண்டு வெள்ளை இழைகளாக விழும். ப்ரோப்ரனலால் போன்ற நேர் சுமை மருந்தைக் கார்போபால் ஜெல்லில் போட்டாலும் இதே சங்கதிதான்.

திரிந்ததை மஸ்லின் துணியில் வடிகட்டிவிட்டு மிச்சத்தை ஊற்றக் கூடாது. துணியில் நிற்பதோடு மருந்தின் ஒரு பங்கும் போய்விடும். பிறகு மருந்தளவு ஏன் குறைகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கைட்டோசானுக்குத் துணையாக ஹெச்.பி.எம்.சி., பி.வி.பி., பாலிவினைல் ஆல்கஹால் போன்ற சுமையற்ற பாலிமர்களை வையுங்கள். கைட்டோசானின் அமீன் 6.5 பிஎச்சை ஒட்டியே சுமையை இழக்கும். ஜெல்லைச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நடுநிலைக்குக் கொண்டுவரப் பார்த்தால், எதிர் சுமை ஏதும் இல்லாமலே அது படிந்துவிடும்.

துண்டுக்குத் துண்டு மருந்தளவு மாறுகிறது

மாணவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான். ஓர் எளிய வகுத்தலிலேயே வழி கிடைக்கும்.

முதலில் மொத்தக் கணக்கு. 9 செ.மீ. விட்டமுள்ள டிஷ்ஷின் பரப்பு 63.6 சதுர செ.மீ. 4 சதுர செ.மீ. துண்டுக்கு 10 மி.கி. வேண்டுமென்றால் டிஷ்ஷுக்கு 159 மி.கி. மருந்து. ஆனால் 9 செ.மீ. என்று விற்கும் டிஷ்ஷின் உள்விட்டம் 8.8 செ.மீ. ஆக இருந்தால் பரப்பு 60.8 தான். அதே 159 மி.கி. அதில் பரவினால் துண்டுக்கு 10.46 மி.கி., அதாவது 4.6 சதவீதம் கூடுதல். வெர்னியர் வைத்து உள்விட்டத்தை அளந்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

இப்போது அந்த வகுத்தல். ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு, பிறகு கரைத்து மருந்தை அளந்து, மருந்தின் எடையைத் துண்டின் எடையால் வகுங்கள். நம் கலவையில் 600 மி.கி. பாலிமர், 120 பிளாஸ்டிசைசர், 159 மருந்து, மொத்தம் 879. எனவே விகிதம் 18.1 சதவீதமாகவும், துண்டின் எடை சுமார் 55.3 மி.கி.யாகவும் இருக்க வேண்டும்.

விகிதம் எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருந்து, எடை மட்டும் ஏறி இறங்கினால் மருந்து சீராகத்தான் கலந்திருக்கிறது, தடிமன்தான் சீராக இல்லை. ஓவன் தட்டு சாய்ந்திருக்கிறது என்று பொருள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான ஓவன் தட்டுகள் நடுவில் தொய்ந்திருக்கும். கண்ணாடியின் சுவரில் ஜெல் ஏறி நிற்பதால் விளிம்பு தடித்து நடு மெலிவதும் உண்டு. விளிம்பை வெட்டி எறிவது சரிதான், ஆனால் அங்கே ஏறிய மருந்து நடுவிலிருந்து போனது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விகிதமே துண்டுக்குத் துண்டு மாறினால் மருந்து பிரிந்திருக்கிறது. கரையாத துகள் அடியில் படிந்திருக்கலாம், ஜெல் மிகவும் நீர்த்திருந்து காயும்போது மருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கலாம், கட்டி இருந்திருக்கலாம். பிசுக்குமையைக் கூட்டுவதும் மருந்தைத் தனியாக முழுதாகக் கரைத்துச் சேர்ப்பதும் இதற்குத் தீர்வு.

மூன்றாவது நிலைமையைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். விகிதம் எல்லாத் துண்டிலும் ஒன்றாக, ஆனால் 18.1-க்குப் பதில் 16.7 சதவீதமாக வருகிறது. துண்டு 60 மி.கி. இருக்கிறது, அதில் மருந்து 10 மி.கி. இருக்கிறது. மருந்து எங்கும் போகவில்லை. கூடுதலாக உட்கார்ந்திருக்கும் 4.7 மி.கி. தண்ணீர். இந்த ஃபிலிமை எடையை வைத்து டோஸ் கணக்கிட்டால் குறைவாகவும், பரப்பை வைத்துக் கணக்கிட்டால் சரியாகவும் தெரியும்.

அளக்கும் முறையிலும் ஒரு கண் வையுங்கள். ப்ரோப்ரனலாலை யு.வி. ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 289 நானோமீட்டரை ஒட்டிப் படிப்பார்கள். பாலிமரின் கலங்கலும் அங்கே ஒளியை மறிக்கும் என்பதால் மருந்தில்லாத ஃபிலிமைக் கரைத்து பிளாங்க்காக (ஒப்பிடும் வெற்றுக் கரைசலாக) வையுங்கள். கைட்டோசான் ஃபிலிம் 6.8 பிஎச் பஃபரில் (பிஎச் மாறாமல் நிற்கும் கரைசலில்) முழுதாகக் கரையாது. உள்ளே மாட்டிய மருந்து வெளியே வர அமிலம் வேண்டும்.

சில நாள் கழித்து வெள்ளை பூக்கிறது

ஊற்றும்போது மருந்து கரைந்திருந்தது 20 மி.லி. தண்ணீரில். காய்ந்த பிறகு அதே மருந்து ஒரு கிராமுக்கும் குறைவான பாலிமருக்குள் அடங்கியாக வேண்டும். பாலிமரின் கொள்ளளவைத் தாண்டிய பங்கு வாய்ப்புக் கிடைத்ததும் படிகமாக வெளியே வரும். ஈரம் ஏறினால் பாலிமர் தளர்ந்து, மூலக்கூறுகள் நகர இடம் கிடைத்து, இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் சித்திரை வெயிலில் தெளிவாக இருந்த ஃபிலிம் ஐப்பசியில் பூத்துவிடுகிறது.

பூத்திருப்பது படிகமா, பூஞ்சையா, நுண்குமிழா என்று முதலில் உறுதி செய்யுங்கள். துருவப்படுத்தும் நுண்ணோக்கியில் குறுக்கு நிலையில் படிகம் ஒளிரும், மற்றவை இருட்டாகவே இருக்கும். அந்த வசதி இல்லையென்றால் டி.எஸ்.சி.யில் (சூடேற்றி வெப்ப மாற்றத்தை அளக்கும் கருவி) மருந்தின் உருகுநிலைச் சிகரம் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. ஆன்சோலிஸ் என்ற ஃபென்டனில் (வலி மருந்து) பக்கல் ஃபிலிம் 2009 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதி பெற்றது. வைத்திருக்கும் காலத்தில் அதில் நுண்ணிய படிகங்கள் உருவாவதும், ஒட்டும் அடுக்கின் நிறம் மங்குவதும் தெரியவந்தன. 2012-இல் அமெரிக்காவில் அதை மறுபடி சந்தைக்குக் கொண்டுவரும் திட்டம் இதனால் தள்ளிப்போனது. மருந்தின் பாதுகாப்பு கெடவில்லை என்றே தயாரிப்புத் தரப்பு சொன்னது. ஆனாலும் நிறம் மங்கினால் நோயாளி குழம்பக்கூடும் என்பது எஃப்.டி.ஏ.யின் கவலை. அனுமதி வாங்கிய பொருளுக்கே இந்த நிலை என்றால் ஆய்வகத்தில் இதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, தீர்வு? மருந்தின் பங்கைக் குறைத்துத் துண்டின் பரப்பைக் கூட்டலாம், ஆனால் கன்னத்தில் 3 சதுர செ.மீ.க்கு மேல் போனால் நோயாளிக்கு உறுத்தத் தொடங்கும். பி.வி.பி. கே30 சேர்த்தால் மருந்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுப் படிகமாவதைத் தள்ளிப்போடும். பதிலுக்கு ஈரத்தை இழுக்கும், பாக்கெட் நன்றாக இருக்க வேண்டும். மருந்து 10 மி.கி.யும் துண்டு 4 சதுர செ.மீ.யும் என்று நாம் எடுத்த கலவையே அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியதுதான். தொடங்கும்போதே 2, 5, 10 மி.கி. என மூன்று டோஸில் சிறு ஃபிலிம்கள் செய்து 75 சதவீதப் பெட்டியில் வைத்தால் எது முதலில் பூக்கிறது என்று சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஒட்டவில்லை, அல்லது ஒட்டி வழுக்குகிறது

இரண்டும் எதிரெதிர்க் கோளாறுகள். வைத்தவுடனே ஒட்டாமல் விழுந்தால் நனைவு போதவில்லை. பாலிமரின் சங்கிலிகள் கொஞ்சம் தண்ணீர் குடித்து விரிந்தால்தான் சளிப்படலத்திலுள்ள மியூசின் என்ற புரதத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். சந்தையிலிருக்கும் பெல்பூக்கா என்ற புப்ரெனார்ஃபின் (வலி மருந்து) ஃபிலிமின் பயன்பாட்டுக் குறிப்பே இதைத்தான் சொல்கிறது: முதலில் நாக்காலோ தண்ணீராலோ கன்னத்தை நனைக்க வேண்டும், மஞ்சள் பக்கத்தைக் கன்னத்தில் வைத்து 5 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வாய் வறண்ட நோயாளிக்கு எந்தக் கலவையும் சரியாக ஒட்டாது.

நன்றாக ஒட்டி, அரை மணி கழித்து வழுக்கி நகர்ந்தால் நனைவு மிஞ்சிவிட்டது. பாலிமர் அளவுக்கு மேல் உப்பி, பிணைப்புகள் தளர்ந்து, வெண்டைக்காய்ச் சாறு போன்ற கொழகொழப்பு மட்டும் மிஞ்சுகிறது. இ15 மட்டும் வைத்துச் செய்த ஃபிலிமுக்கு இது நேர்வது இயல்பு. கே4எம், கார்போபால், கைட்டோசான் இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் நிற்கும். கைட்டோசானின் நேர் சுமை மியூசினிலுள்ள சியாலிக் அமிலத்தின் எதிர் சுமையைப் பிடித்துக்கொள்ளும். நம் மருந்தும் நேர் சுமை என்பதால் கலவையில் மோதலும் இல்லை. இந்த மருந்துக்கு நான் கைட்டோசானைத்தான் பரிந்துரைப்பேன். 

பிளாஸ்டிசைசரைக் கூட்டக் கூட்ட ஒட்டும் வலிமை ஓரளவுக்கு மேல் இறங்கும். உடைப்பைச் சரிசெய்யப் போய் ஒட்டுதலைக் கெடுத்துக்கொள்வது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் முதல் பகுதியிலேயே பொறுங்கள் என்றேன்.

எண்கள் தாறுமாறாக வந்தால் ஃபிலிமைக் குறை சொல்லும் முன் சோதனையைப் பாருங்கள். இறைச்சிக் கடையிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக் கன்னச் சவ்வை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். 6.8 பஃபரில் மெல்ல அலசினால் போதும், தேய்த்துக் கழுவினால் மியூசினே போய்விடும். இரு கைத் தராசில் ஒரு தட்டை எடுத்துவிட்டு அமைக்கும் கருவியில், ஒட்டவைக்கும்போது எவ்வளவு எடை, எத்தனை நிமிடம் என்பதை ஒரே மாதிரி வையுங்கள். முடிவை மாற்றும் பெரிய காரணம் அதுதான். எடைக் கற்களை அடுக்குவதை விட, டிரிப் செட் மூலம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மறு தட்டிலுள்ள பாட்டிலில் விட்டால் பிரியும் கணம் துல்லியமாகக் கிடைக்கும். 20 கிராம் தண்ணீரில் பிரிந்தால் விசை 0.196 நியூட்டன், 4 சதுர செ.மீ.க்கு வகுத்தால் சதுர மீட்டருக்கு 490 நியூட்டன்.

எரிச்சல், புளிப்பு, மரத்துப்போதல்

ஃபிலிம் மேல் சிறிது காய்ச்சி வடித்த நீரை விட்டு உப்ப விட்டு, மின்முனையை மேற்பரப்பில் தொடவைத்து பிஎச் பாருங்கள். உமிழ்நீர் நடுநிலையை ஒட்டியது. ஃபிலிமும் அதற்கு அருகில் இருந்தால் நல்லது. கைட்டோசான் ஃபிலிமில் வினிகர் வாசனை வந்தால் அசிட்டிக் அமிலம் முழுதாகப் போகவில்லை. கைட்டோசானைக் கரைக்க 1 சதவீத அமிலம் போதும், அதற்கு மேல் ஊற்றாதீர்கள். லாக்டிக் அமிலத்துக்கு மாறினால் ஃபிலிமும் நன்றாக வளையும். கார்போபாலில் நிலைமை இன்னும் இக்கட்டானது. நடுநிலையாக்காமல் விட்டால் நன்றாக ஒட்டும், ஆனால் புளிக்கும். முழுக்க நடுநிலையாக்கினால் ஒட்டுதல் குறையும். பாதியில் நிறுத்தத்தான் வேண்டும்.

கன்னம் மரத்துப்போகிறது என்றால் அது கலவைக் கோளாறு இல்லை. ப்ரோப்ரனலாலுக்கே மரக்கவைக்கும் குணமும் கசப்பும் உண்டு. இதை உங்கள் வாயிலோ நண்பர் வாயிலோ வைத்துப் பார்க்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த மருந்து ஆபத்து. மருந்தில்லாத ஃபிலிமை மனிதரிடம் சோதிக்கவும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

மருந்து சீக்கிரம் வந்துவிடுகிறது

நீரில் கரையும் உப்பு மருந்து, மெல்லிய ஃபிலிம், இரு பக்கமும் திறப்பு. சீக்கிரம் வராமல் என்ன செய்யும்? வாய்ப்பக்கத்தை நீர் புகாத எத்தில் செல்லுலோஸ் அடுக்கால் (பின் அடுக்கு) மூடுங்கள். உமிழ்நீரோடு விழுங்கிப் போகும் இழப்பும் அதோடு குறையும். அப்புறம் கே4எம் பங்கைக் கூட்டலாம், கைட்டோசானை டிரைபாலிபாஸ்பேட்டால் குறுக்கிணைக்கலாம். குறுக்கிணைப்பு கூடினால் ஒட்டும் கைகள் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

தரவுகளை, மருந்து வெளியேறும் விதத்தை விவரிக்கும் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிலிமுக்கு ஃபிக்கின் விதிப்படி நடக்கும் பரவலைக் குறிக்கும் அடுக்குக்குறி (n) 0.5. பலர் எழுதும் 0.45 உருளை வடிவ மாத்திரைக்குரியது. முதல் 60 சதவீத வெளியீட்டு வரையிலான புள்ளிகளை மட்டும் எடுக்க வேண்டும்.

வெளியே வருகிறது, சவ்வைத் தாண்டவில்லை

ப்ரோப்ரனலாலின் பிகேஏ, அதாவது மருந்தில் பாதி சுமையோடும் பாதி சுமையின்றியும் நிற்கும் பிஎச், சுமார் 9.5. வாயின் 6.8 பிஎச்சில் ஐந்நூறில் ஒரு பங்குதான் சுமையற்ற வடிவில் இருக்கும். சவ்வின் கொழுப்பு வழியே எளிதாகப் போவது அந்தப் பங்குதான். ஃபிலிமுக்குள் பிஎச்சைச் சற்று ஏற்றினால் ஊடுருவல் கூடும். ஏற்றிக்கொண்டே போனால் மருந்து சுமையற்ற கார வடிவமாகி ஃபிலிமிலேயே படிந்துவிடும். சோடியம் டீஆக்சிகோலேட் போன்ற ஊக்கிகள் உதவும், ஆனால் சவ்வைப் புண்ணாக்கித்தான் வழி திறக்கிறதா என்பதைத் திசுவியல் வெட்டில் பார்த்தாக வேண்டும்.

சவ்வு வழி ஊடுருவலை அளக்கும் ஃபிரான்ஸ் செல்லில் எண்கள் சிதறினால் சவ்வின் தடிமனை அளந்தீர்களா என்று கேட்பேன். அடியிலுள்ள இணைப்புத் திசுவைச் சரியாக நீக்காத துண்டு இரண்டு மடங்கு தடித்திருக்கும். எலியின் கன்னச் சவ்வு கெரட்டின் படிந்தது, மனிதருடையதோடு ஒப்பாகாது, பன்றியினுடையது நெருக்கமானது.

பின் அடுக்கு பிரிந்து வருகிறது

எத்தில் செல்லுலோஸ் தண்ணீரை வெறுப்பது. அதன் மேல் வெறும் நீர் ஜெல்லை ஊற்றினால் முத்துமுத்தாக உருண்டு, காய்ந்த பிறகு தாள் போலக் கழன்றுவிடும். ஜெல்லில் கொஞ்சம் எத்தனால் சேருங்கள், பரவும். அடி அடுக்கு முழுக்கக் காயும் முன், தொட்டால் லேசாகப் பிடிக்கும் நிலையில் ஊற்றுங்கள். உலர் நிலையில் சேர்ந்திருந்து பஃபரில் போட்டதும் பிரிந்தால், ஓர் அடுக்கு உப்புகிறது, இன்னொன்று உப்பவில்லை. எத்தில் செல்லுலோஸில் சிறிது ஹெச்.பி.எம்.சி. கலந்தால் இடைவெளி குறையும். பழைய ஆய்வுகளில் பின் அடுக்குக்கு டைபியூட்டைல் தாலேட் போடுவார்கள். அதை விட்டுவிட்டு டிரைஎத்தில் சிட்ரேட் எடுங்கள்.

கரைப்பானில் டைகுளோரோமீத்தேன் இருந்தால் எச்சம் 600 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்பது ஐ.சி.ஹெச். என்ற சர்வதேச மருந்துத் தர அமைப்பின் எல்லை. எத்தனாலும் அசிட்டோனும் அதை விடப் பாதுகாப்பான வகை. வேலை அவற்றிலேயே நடக்கும் என்றால் அந்த மூன்றாவது கரைப்பான் எதற்கு?

அடைத்து வைத்த பிறகு மாறுகிறது

எல்லாச் சோதனையும் தாண்டிய ஃபிலிம் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்ததும் சுருண்டு, ஒட்டி, மஞ்சளித்தால் முதலில் பாக்கெட்டைச் சந்தேகியுங்கள். ஜிப் கவர் ஈரத்தைத் தடுக்காது. அலுமினியம் ஃபாயில் பாக்கெட்டை வெப்பமுத்திரை போட்டு, சில பாக்கெட்டுகளில் ஃபிலிமுக்குப் பதில் எடை போட்ட கால்சியம் குளோரைடை அடைத்து, ஃபிலிமோடு சேர்த்தே சேம்பரில் வையுங்கள். அந்தப் பொட்டலத்தின் எடை ஏறியிருந்தால் முத்திரை கசிகிறது. ஏறவில்லை என்றால் பாக்கெட்டை விட்டுவிட்டு, அடைத்த அன்று ஃபிலிமுக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்ற பதிவேட்டுப் பக்கத்தைத் திறங்கள்.